அச்சு எண்ணுக்குப் பொன்விழா

1

இந்தக் கதை பிறந்ததே வயிற்றெரிச்சலில்தான். ஒரு சோடா கம்பெனி தன் பொன்விழா மலருக்கு என்னிடம் கதை கேட்டது. "நிறுவனரைப் பத்தி நாலு பக்கம் போதும். படிச்சா கண்ணு கலங்கணும்" என்றார் முதலாளி. நிறுவனர் என்று அவர் சொன்னது, காலமாகிவிட்ட தன் அப்பாவை. விவரம் கேட்டுக்கொள்ளச் சொல்லித் தன் ஒன்றுவிட்ட அக்காவிடம் என்னை அனுப்பினார். போனேன். கண் கலங்கவில்லை, சிவந்தது. மலருக்கு எழுதாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வாழ்க்கையும் ஒரு சோடா பாட்டில்தான். திறக்கும்போது..." சகிக்கவில்லை. அடுத்து: "கண்ணாடியின் மொழி அறிந்தவள் அவள். அவளது விரல்கள்..." விரல்கள் என்ன செய்தன என்று எழுதுவதற்குள் எனக்கே கூச்சமாகிவிட்டது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அந்த அக்காவைச் சொந்தக்காரர்கள் சீசா அக்கா என்பார்கள். தொழில், பல் செட் செய்வது. வீட்டின் பின்னறையில் ஒரு சுவரெல்லாம் இளஞ்சிவப்பு ஈறுகள், எதிர்ச்சுவரெல்லாம் பழைய சோடா பாட்டில்கள். பகலில் பல் செட்டில் அச்சு விட்டுப்போன கோட்டைத் தேய்த்து அழிப்பார். வேலை முடிந்ததும் பாட்டில்களில் அதே மாதிரிக் கோட்டை பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவார்.

"அச்சுல ஊதுன பாட்டிலுக்குப் பக்கவாட்டுல ஒரு கோடு இருக்கும்" என்று என் கையில் ஒன்றைக் கொடுத்தார். "கையால செஞ்ச காலத்துல வாயை மட்டும் கடைசியா தனியா வச்சுத் திருகுவாங்க. அதுல கோடு அழிஞ்சு கழுத்தோட நின்னுடும். மெஷின்ல செஞ்சா உதடு வரைக்கும் ஏறும்."

[அடிப்பக்கத்துக் கீறல்களையும் பார்க்க வேண்டுமாம். எல்லாம் ஒரே திசையில் இருந்தால் யாரோ உப்புத்தாளால் தேய்த்து வயதைக் கூட்டியிருக்கிறார்கள். பாட்டிலுக்குத்தான் இந்த ஆசை, நமக்கெல்லாம் நேர்மாறு.]

இப்போது அந்த ஒரு பாட்டிலுக்கு வருவோம். பச்சை சாயல், நெஞ்சில் கம்பெனியின் பெயர். கோடு கழுத்தோடு நிற்கிறது. அதைச் செய்த கண்ணாடித் தொழிற்சாலைக்கு ஐம்பதாம் வருடம் மெஷின் வந்துவிட்டது. ஆகவே பாட்டில் அதற்கு முந்தையது. அப்போது முதலாளியின் அப்பா, அதாவது அக்காவின் பெரியப்பா, கப்பலில் வேலையாக இருந்தார். ஐம்பத்தொன்றில்தான் ஊர் திரும்பினார். அதுவரை கம்பெனி என்றால் அக்காவின் அம்மா மட்டும்தான். புருஷன் போன பிறகு, பழைய கைமெஷின் ஒன்றை வாங்கி, பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டுத் தனியாளாகச் சோடா அடித்தவர்.

3

விழாக் கண்காட்சிக்கென்று அக்காவிடம் இரவல் வாங்கிப்போன அந்தப் பாட்டிலுக்குக் கீழே முதலாளி ஓர் அட்டை வைத்திருந்தார்: "நிறுவனர் தயாரித்த முதல் பாட்டில், 1952."

"தம்பி, இந்த வருஷம் எங்கேருந்து வந்துச்சு?"

"அடியிலயே இருக்கேக்கா, 52னு. பழைய பாட்டில் சேர்க்கிறவங்க சங்கத் தலைவரே பார்த்துச் சொன்னாரு."

"அது அச்சு நம்பர்ப்பா. எந்த அச்சுல ஊதுனதுன்னு தெரியறதுக்காகப் போடுறது. அதே ஃபேக்டரி பாட்டில் என்கிட்ட 97னு ஒண்ணு இருக்கு. ஃபேக்டரிய எழுபதுலயே மூடிட்டாங்க. பேய் ஊதுச்சா?"

"அது வேற பாட்டில்க்கா."

"சரி, கம்பெனி 52ல ஆரம்பிச்சதுன்னு வேற எதுல இருக்கு?"

முதலாளி பாட்டிலைப் பார்த்தார். "இதுலதான்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓர் அச்சு எண்ணுக்கு ஊரைக் கூட்டிப் பொன்விழா. அந்த எண்ணை வருடமாக்கியதும், கப்பலிலிருந்து இறங்கியவர் நிறுவனர் ஆகிவிட்டார். மெஷின் சுற்றியவருக்கு அழைப்பிதழில் கிடைத்த பட்டம், "நிறுவனரின் தம்பி மனைவி."

"கல்வெட்டு வச்சாச்சுக்கா. இப்போ மாத்துனா அசிங்கம்."

"உனக்கு அசிங்கம் வரக்கூடாது. எங்கம்மாவுக்கு வந்தா பரவால்ல, அப்படித்தானே?"

4

பெரியப்பாவை எழுதுவதில்தான் தடுமாறினேன். முதல் படியில் அவரை அண்ணி சொத்தை, (இல்லை, தம்பி மனைவி சொத்தை, கோபத்தில் உறவுகூடக் குழம்புகிறது) அடித்துப் பிடுங்கிய வில்லனாக ஆக்கிவிட்டேன். சீசா அக்கா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அவர் நல்லவர்ங்க. பாட்டில் வெடிச்சு அம்மா கை கிழிஞ்சப்போ அவர்தான் தூக்கிட்டு ஓடினாரு. நான் அவரைக் கெட்டவர்னு சொல்லல. முதல்ல வந்தவர் இல்லன்னுதான் சொல்றேன்."

சரி, நல்லவரே. ஊரார் அவரைக் கம்பெனியை ஆரம்பித்தவர் என்றபோது திருத்தவில்லை. அவர் செய்தது அவ்வளவுதான். அந்த அம்மாவை ஓரங்கட்ட அது போதுமானதாக இருந்தது என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

5

முடிவு ஒன்று: முதலாளி மனம் திருந்தி, கல்வெட்டை... எழுதிக் கிழித்துப்போட்டேன். அவர் எந்தப் பேனாவுக்கும் திருந்துகிற ஆள் இல்லை.

முடிவு இரண்டு: அக்கா ஆத்திரத்தில் கண்காட்சியின் கண்ணாடிப் பெட்டியை உடைக்கிறார். உள்ளே பாட்டில் இருக்கும்போதா? அதற்கு முன் தம்பியின் மண்டையை உடைப்பார்.

என்ன செய்யலாம் என்று அக்காவின் அம்மாவிடமே கேட்டுப் பார்த்தோம். "குடிச்சவன் ஏப்பம் விட்டான், மறந்துட்டான். விடேன்டி" என்றார். "நீ விட்டு விட்டுத்தான் விழாவுல மூணாவது வரிசைக்கு வந்திருக்கே" என்று அக்கா வெடித்தார். அம்மா புடவையை மடித்துக்கொண்டிருந்தார்.

6

நடந்தது இதுதான். விழா மண்டபத்தில் அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தார். பேச்சாளர்கள் நிறுவனரைப் புகழ்ந்து ஓய்ந்ததும் முதலாளி மைக்கில் சொன்னார்: "சித்தி, நீங்களும் வந்து அப்பாவைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

அம்மா எழுந்தார். தாங்கப்போன மகளின் கையை விலக்கிவிட்டுத் தானே மேடை ஏறினார். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கச் சொன்னார்.

அங்கே நானும் இருந்தேன். அவர் பேசியதை முழுக்கக் கேட்டேன். எழுத மாட்டேன். அவருக்குப் பதிலாக ஒரு பாட்டில் பேசியாயிற்று, சங்கத் தலைவர் பேசியாயிற்று, முதலாளி பேசியாயிற்று, இத்தனை பக்கமாக நானும் பேசிவிட்டேன். நீங்களாவது அவர் வாயில் வசனம் வைக்காமல் இருங்கள். மைக் இறங்கிவிட்டது. அவர் பேசட்டும்.