இன்னாவுக்கும் கிட்டிக்கும் நடுவே

திருவட்டாற்றிலிருந்து குலசேகரத்துக்கு அஞ்சல் பை தூக்கி ஓடுகிற இஸ்ரவேல் பேச்சில் மகா கஞ்சன். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, அவ்வளவுதான். ஆனால் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் தொண்டை கிழியக் கத்துவான். குலசேகரம் முக்கில் தங்கப்பன் காத்து நிற்பான். அங்கிருந்து திற்பரப்புக்குப் பை கொண்டுபோவது தங்கப்பன் பாடு. தடியில் கட்டிய மணி ஜல்ஜல்லென்று அடிக்க இஸ்ரவேல் வருவான். நிற்கவெல்லாம் மாட்டான். ஓடுகிற ஓட்டத்திலேயே பையை நீட்டி, "இன்னா!" என்பான். இந்தா, பிடி என்று அர்த்தம். அதற்குள் தங்கப்பனும் ஓடத் தொடங்கியிருப்பான். பையின் வார் கையில் விழுந்ததும், "கிட்டி!" என்பான். கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கிட்டி காதில் விழுந்த பிறகுதான் இஸ்ரவேலின் விரல் விரியும்.

முன்னொரு ஆனி மழையில் இப்படித்தான், இவன் வாங்கிவிட்டான் என்று அவன் விட, அவன் இன்னும் பிடித்திருக்கிறான் என்று இவன் நினைக்க, பை சானல் தண்ணீரில் விழுந்து கல்யாணக் கடிதாசியும் சாவுக் கடிதாசியும் சேர்ந்து மிதந்தன. அன்றைக்கு அஞ்சல் மாஸ்டர் கோலப்பன் பிள்ளை வைத்த சட்டம் இது. வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி, சட்டம் மூளையை விட்டு இறங்கி விரலுக்குள் போய்விட்டது.

இந்த இஸ்ரவேல்தான் கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பத்தில் கொழும்புக்கு ஓடப் போனான்.

நாகர்கோவிலில் மகாராஜா பிறந்தநாளுக்கு நடந்த பந்தயத்தில், காலேஜ் பையன்கள் ஆணிச் செருப்பு போட்டு ஓட, இவன் வெறுங்காலோடு ஓடி ஜெயித்திருந்தான். மதராசும் திருவிதாங்கூரும் சேர்ந்து ஒரு அணி அனுப்புகிறார்கள், சிலோனோடும் மலாயாவோடும் போட்டி, நீயும் வா என்றார்கள். அவனுக்கு ஒரே ஒரு ஓட்டம். நாலு பேர் ஆளுக்கொரு சுற்று ஓடி, தடியைக் கைமாற்றுகிற ரிலே.

அவன் மனைவி ராஜபாய்க்கு விஷயம் பிடிபடவில்லை.

"பை இல்லாமலா ஓடப் போறிய?"

"ஓம்."

"கடிதாசி ஒண்ணும் இல்ல?"

"இல்லட்டீ."

"பின்ன யாருக்க அவசரத்துக்கு கடல் தாண்டிப் போய் ஓடுதிய?"

இஸ்ரவேலுக்குப் பதில் தெரியும், சொல்லத்தான் தெரியாது. இத்தனை வருஷமாக ஓடுகிறான். பை வந்ததா என்று பார்க்கிறார்களே தவிர, இவன் எப்படி ஓடினான் என்று ஒரு ஈ காக்கை பார்த்ததில்லை. மணிச் சத்தம் கேட்டால் வழி விடுவார்கள், பையை எண்ணுவார்கள், அதோடு சரி. ஒரு தடவை, ஒரே தடவை, ஜனம் கூடி நின்று பையைப் பார்க்காமல் காலைப் பார்க்க வேண்டும். அதில் அவன் ஜெயிக்க வேண்டும். இதற்குத்தான் அவன் கோலப்பன் பிள்ளையின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து லீவு வாங்கினான்.

"போயிட்டு வா. கப்பு இல்லாம வந்தியானா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா தங்கப்பன் சொல்லுவான். அவனுக்க நாக்குக்கு நான் ஜாமீன் இல்ல," என்றார் பிள்ளை.

ராஜபாய் வழியில் தின்ன ஒரு டின் நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரம் போட்டுக் கொடுத்தாள்.

முதல் கோணலே பெரிய கோணலாக வந்தது. மதுரையில் ரயிலேறின அணியில் மேனேஜரும் காலேஜ் பையன்களும் இரண்டாம் வகுப்பு. இஸ்ரவேலுக்கு மட்டும் மூன்றாம் வகுப்பு டிக்கெட். போகட்டும், ரயில் ஒன்றுதானே என்று அவனும் ஏறினான். கப்பலுக்கு முன்னால் ஒரு கேம்ப் உண்டு. தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற மூன்றாம் வகுப்புக்காரர்களை, அம்மை காலரா உண்டா என்று அங்கே நாள்கணக்கில் வைத்துப் பார்ப்பார்கள். டாக்டர் கையெழுத்திட்ட காகிதம் இருந்தால் விட்டுவிடுவார்கள். காகிதம் இருந்தது. மேனேஜரின் கோட்டுப் பையில் இருந்தது. மேனேஜர் கப்பலில் இருந்தார். கப்பல் போய்விட்டது.

"நான் ஓட்டக்காரனாக்கும், பந்தயத்துக்குப் போறேன்," என்று வாசல் காவல்காரனிடம் இஸ்ரவேல் சொல்லிப் பார்த்தான்.

"எல்லாரும் இங்கேயிருந்து ஓடத்தான் பாக்குறான். உள்ளே போ."

கால் மரத்துப் போகக் கூடாதே என்று வேலியோரமாகச் சுற்றிச் சுற்றி ஓடினான். தப்பிக்க வழி பார்க்கிறான் என்று அதையும் தடுத்தார்கள். உட்கார்ந்த இடத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்தான். முந்திரிக்கொத்து, தோட்டத்துக்குப் போகிற பிள்ளைகளின் வயிற்றுக்குப் போயிற்று. டின்னை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டான். ராஜபாய் டின்னைக் கேட்பாள்.

அம்மையும் இல்லை, காலராவும் இல்லை என்று கண்டு ஒருவழியாக விட்டார்கள். கொழும்பு மைதானத்துக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது போட்டி தொடங்கியே விட்டது. குண்டு எறிகிறவன் குண்டு எறிகிறான், உயரம் தாண்டுகிறவன் தாண்டுகிறான். மேனேஜர் அவனைப் பார்த்ததும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தான்.

"எங்கேப்பா போய்ட்டே? இதுதான் வர்ற நேரமா?" என்றார் மேனேஜர்.

இஸ்ரவேலுக்கு, காகிதம் உம்ம பையிலல்லவா ஓய் என்று கேட்க வாய் வரை வந்தது.

"ஏமானே, தடி மாத்துறத ஒருக்கா செய்து பாக்கணும்," என்றான்.

"என்னது?"

"தடி. கை மாத்துறது. ஒரேயொரு தடவ."

"அதுல பார்க்க என்னப்பா இருக்கு? கோட்டுக்குள்ளே கொடுக்கணும், கோடு தாண்டிட்டா அவுட். நீட்டு, அவன் வாங்கிப்பான்." மேனேஜர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

இரண்டாவதாக ஓடுகிற காலேஜ் பையனிடம் கேட்டான். பையன் இங்கிலீஷில் ஏதோ சொல்லி, கடிகாரத்தைக் காட்டினான். மூன்றாவது இவன். நாலாவதாக ஓட வேண்டியவனைத் தேடிப் போனான். அவன் மதராஸ் ராயபுரத்துக்காரன், பெயர் கன்னியப்பன், துறைமுகப் பட்டறையில் வேலை. நல்ல மனுஷன். மரத்தடியில் கால் நீட்டிப் படுத்திருந்தான்.

"ஒருக்கா மாத்திப் பாப்பமா? வெப்ராளமா வருது எனக்கு," என்றான் இஸ்ரவேல். பதற்றமாக இருக்கிறது என்று அர்த்தம்.

"இன்னா வருது?"

"வெப்ராளம்."

கன்னியப்பன் எழுந்து உட்கார்ந்தான். "நைனா, நீ பேசுறது தமிழா மலையாளமா? பாட்டு மாரி கீது."

"தமிழாக்கும்."

"சர்தான். இப்பத்தான் காலுக்கு எண்ண போட்டு மாலீஷ் பண்ணிகினேன். காலு சூடாறிடும். நீ எட்த்துனு வா, நான் வாங்கிக்கறேன்."

எல்லாரும் வாங்கிக்கொள்கிறவர்கள்தான். கொடுக்கிறவனின் பாடு யாருக்குத் தெரியும்? ஆணிச் செருப்பு ஒன்று கொடுத்தார்கள். பெருவிரல் உள்ளே போகவில்லை. திருப்பிக் கொடுத்தான். வெறுங்காலா என்று ஒரு வெள்ளைக்காரத் துரை குனிந்து பார்த்தார். காலைப் பார்த்த முதல் ஆள். அந்த மட்டும் ஒரு ஆறுதல்.

சாயங்காலம் பலகையில் எழுதிய கணக்கைப் பார்த்து மைதானமே நிமிர்ந்து உட்கார்ந்தது. மலாயா பின்தங்கிவிட்டது. சிலோனும் தென்னிந்தியாவும் சரிக்குச் சரி. மிச்சமிருப்பது ரிலே ஒன்றுதான். ரிலேயை யார் எடுக்கிறார்களோ கப்பு அவர்களுக்கு.

துப்பாக்கி வெடித்தது. முதல் பையன் பரவாயில்லாமல் ஓடினான். இரண்டாவது பையன் மூச்சு வாங்க, சிலோன்காரனுக்குப் பின்னால் நாலு எட்டு தள்ளி வந்தான். இஸ்ரவேல் மெல்ல ஓட்டம் எடுத்துக் கையை நீட்டினான். பையன் ஒரு சத்தமும் கொடுக்காமல் தடியை வைத்தான்.

"கிட்டி!" என்று கத்தினான் இஸ்ரவேல், குலசேகரம் வரை கேட்கிற மாதிரி. பையன் பயந்து போய்ப் புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு ஓடினான் பாருங்கள். முதுகில் பை இல்லை, தோளில் வார் இல்லை, வழியில் மாட்டுவண்டி இல்லை, பாம்பு இல்லை. உடம்பு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. முதல் வளைவில் சிலோன்காரனின் முதுகு தெரிந்தது. எதிர்ப்பக்கத்தில் தோள் தெரிந்தது. அடுத்த வளைவில் ஒன்றும் தெரியவில்லை, புல்தான் தெரிந்தது. ஜனம் எழுந்து நின்றது. அயலூர் ஜனம், தங்கள் ஆளை முந்தினவன் என்றும் பாராமல் கை தட்டியது. அத்தனை கண்ணும் அவன் கால்மேல்.

கன்னியப்பன் அதோ நிற்கிறான். ஓட ஆரம்பித்துவிட்டான். முகம் முன்னால், கை பின்னால். இஸ்ரவேல் தடியை அவன் உள்ளங்கையில் வைத்தான்.

"இன்னா!"

கன்னியப்பன் தடியின் முனையைப் பற்றினான். ஆனால் பின்னாலிருந்து ஒருவன் என்ன என்று கேட்கிறானே! மதராசில் இன்னா என்றால் என்ன என்றுதானே அர்த்தம்? ஏதோ கேட்கிறான் என்று திரும்பிப் பார்த்தான்.

"இன்னா?"

"இன்னா!" என்றான் இஸ்ரவேல் இன்னும் பலமாக. பிடி, பிடி!

"இன்னாய்யா?"

"இன்னா வேய், இன்னா!"

"இன்னான்றேன்? இன்னா வோணும் உனக்கு?"

தடியின் ஒரு முனையில் கன்னியப்பன், மறு முனையில் இஸ்ரவேல். இரண்டு பேரும் ஓடுகிறார்கள், இரண்டு பேரும் இழுக்கிறார்கள். விடு விடு என்று இஸ்ரவேலின் மனசு அலறுகிறது. விரல் கேட்டால்தானே? விரலுக்குக் கிட்டி வேண்டும். கிட்டி வரவில்லை. கோடு வந்தது. கோடு காலுக்குக் கீழே போயிற்று. அதற்கும் அப்பால் போய்த்தான் கன்னியப்பன் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓடினான். ஓடி என்ன? கோட்டருகே நின்ற துரை கொடியைத் தூக்கிவிட்டார்.

கப்பு சிலோனுக்கு.

"ஏன்யா விடலை? ஏன் விடலை?" மேனேஜரின் தொப்பி தரையில் கிடந்தது. அவரே எறிந்ததுதான்.

"அவன் கிட்டி சொல்லல்லியே ஏமானே."

"கிட்டியா? கில்லி விளையாடவா உன்னைக் கூட்டிட்டு வந்தேன்?"

"கிட்டின்னா கிட்டிச்சுன்னாக்கும். அது சொல்லாம எப்படி விடும்? பை தண்ணியில போயிராதா?"

"எந்தப் பை? எந்தத் தண்ணி?"

கன்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டான். "ஓட சொல்லோ இன்னா இன்னான்னு கேட்டுகினே வந்தா நான் இன்னான்னு சொல்றது?"

"நான் கேக்கல்ல. தந்தேன்."

"எதைத் தந்தே? புட்ச்சிகினு இல்லே இருந்தே!"

"ஒருக்கா செய்து பாப்பமான்னு கேட்டனா இல்லியா? மரத்துக்கு அடியில வந்து கேட்டனா இல்லியா?" என்றான் இஸ்ரவேல். அன்று முழுவதும் அவன் பேசின நீளமான பேச்சு அதுதான். கன்னியப்பன் குனிந்து காலை நீவினான். மேனேஜர் தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார். யாரும் ஆமாம், கேட்டாய் என்று சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு ஆறவே இல்லை. தோற்றதுகூடப் போகட்டும், கேட்டாய் என்று ஒருவன் ஒப்புக்கொண்டிருக்கலாம்.

திரும்பி வருகிற வழியெல்லாம் வலது கையை விரித்தும் மூடியும் பார்த்துக்கொண்டே வந்தான். வீட்டில் ராஜபாய் முதலில் டின்னை வாங்கி உள்ளே வைத்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். கதையைக் கேட்டுவிட்டு, "சவத்துப் பயலுவ, ஒரு வார்த்த சொல்லிருந்தா நாக்கு தேய்ஞ்சா போவும்?" என்று மதராஸ்காரர்கள் அத்தனை பேரையும் வைதாள். அந்த வசவில் கொஞ்சம் தூங்கினான்.

கோலப்பன் பிள்ளை முழுக்கதையையும் கேட்டார். சிரிக்காமலிருக்க மீசையைக் கடித்தார். "எனக்க சட்டத்த கடல் தாண்டியும் காப்பாத்தியிருக்கியேலே," என்றார். அது பாராட்டா கேலியா என்று இஸ்ரவேலுக்குப் புரியவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டி, மணித் தடியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். வழியில் ஜனம் ஒதுங்கியது. ஒருவரும் காலைப் பார்க்கவில்லை.

குலசேகரம் முக்கில் தங்கப்பன் நின்றான். பிள்ளை வாயிலிருந்து அவன் காதுக்குக் கதை அதற்குள் எப்படிப் போயிற்றோ, போய்விட்டிருந்தது. முகமெல்லாம் பல்.

இஸ்ரவேல் பையை நீட்டினான். "இன்னா!"

தங்கப்பன் வாரைப் பிடித்தான். ஓடிக்கொண்டே கழுத்தைத் திருப்பி, மதராஸ்காரன் மாதிரி இழுத்து, "இன்னா?" என்றான்.

இஸ்ரவேல் நின்றான். வாரை விடவில்லை. ஓடிப்போன தங்கப்பன் வார் இழுத்துப் பின்னால் வந்து மோதினான்.

"விடும் வேய்."

"சொல்லு."

"தமாசுக்காக்கும். கப்பு கிட்டலேன்னா எனக்க கைய ஒடிக்கணுமா?"

"சொல்லுலே."

"திற்பரப்புல பைக்கு ஆளு காத்து நிக்கான் ஓய்!"

"நிக்கட்டு. கொழும்புல ஒரு கிட்டிக்கு நான் காத்து நிக்கல்லியா?"

டீக்கடையில் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். தங்கப்பன் இழுத்துப் பார்த்தான். இஸ்ரவேலின் விரல்கள் வாரில் வேர் விட்டது போல நின்றன. தங்கப்பனின் சிரிப்பு மெல்ல வற்றியது.

"கிட்டி," என்றான். ஒன்றும் நடக்கவில்லை. "கிட்டி வேய், கிட்டி! நூறு தடவ கிட்டி! இன்னும் என்ன வேணும்?"

இஸ்ரவேல் அப்போதும் கொஞ்ச நேரம் விடவில்லை.