புழுவுக்கு ஊற்றிய பிராந்தி

ஒரு சனிக்கிழமை, சுருளியின் பிணம் மேலூர்ப் பக்கம் கைவிட்ட கல்குவாரி ஒன்றில் கிடந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவனோடு சந்தையில் கட்டிப் புரண்டவன் உக்கிரபாண்டி என்பதை ஊரே பார்த்திருந்தது. திங்கட்கிழமை விடிந்ததுமே வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கபடிப் போட்டியில் நடுவரை அடித்துவிட்டு, அந்த வாரம் முழுக்க அவன் கம்பிக்குப் பின்னால் இருந்தான். ஆகவே சுருளி ஞாயிறன்று செத்திருந்தால் உக்கிரபாண்டிக்கு ஆயுள்; அதற்குப் பிறகு என்றால் போலீஸே அவனுக்குச் சாட்சி.

செத்த நாளைச் சொல்ல வேண்டியவை பிணத்தில் நெளிந்த புழுக்கள். ஒரு ஜாதி ஈயின் புழு மெதுவாக வளரும், இன்னொன்று மடமடவென்று பருத்துவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பட்டங்களை ரயில் பெட்டிகள்போல் பெயருக்குப் பின்னால் கோத்திருந்த நிபுணர் ஒருவர் வந்து, ஃபார்மலின் புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மெதுவாக வளரும் ஜாதி, ஞாயிற்றுக்கிழமைச் சாவு என்று எழுதிக் கொடுத்தார். உருப்பெருக்கிக் கண்ணாடிகூடக் கேட்கவில்லை. அனுபவமே போதும் என்றாராம்.

உக்கிரபாண்டியின் வக்கீல் விடவில்லை. மரபணுவைப் பார்த்து ஈயின் ஜாதி சொல்லும் ஆராய்ச்சியாளர் இந்துப்ரியா மதுரையில் இருப்பதைக் கண்டுபிடித்து, கோர்ட்டில் மனுப் போட்டார். ஃபார்மலினில் ஊறிய புழுவில் மரபணு சிதைந்துபோயிருந்தது. அதே பிணத்துப் புழு ஸ்டேஷனில் வேறு புட்டியில் உண்டா என்று இந்துப்ரியா கேட்க, ஏட்டு சோணை அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்துத் தந்தார். அதிலிருந்த புழு வாய் திறந்து பேசாத குறைதான். வேகமாக வளரும் ஜாதி. சாவு புதன்கிழமைக்கு முன்னால் இருக்க முடியாது.

அரசுத் தரப்பு வக்கீல் புட்டியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே இருந்த திரவம் என்ன, யார் ஊற்றியது, எங்கேயும் எழுதவில்லையே என்றார். அதற்குப் பதில் வராவிட்டால் புட்டி செல்லாது. இன்ஸ்பெக்டர் முதல் நாளே சோணையைக் கூப்பிட்டு, ஞாபகமில்லை என்று சொன்னால் போதும் என்று அன்பாகச் சொல்லியிருந்தார். கூண்டிலிருந்த உக்கிரபாண்டி சோணையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிராந்திங்கய்யா," என்றார் சோணை. "ஃபார்மலின் ஒரு புட்டிக்குத்தான் இருந்துச்சு. மிச்சப் புழுவுக்கு ஊத்த ஒண்ணுமில்ல. பிடிச்சு வச்ச சரக்குல கொஞ்சம் எடுத்து ஊத்திப்புட்டேன்."

"பிடித்த சரக்கில் மீதி எங்கே?" என்றார் நீதிபதி.

சோணை இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் மின்விசிறியைப் பார்த்தார். நீதிபதிக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

சாராயத்தில் மரபணு கெடாமல் இருக்கும் என்று இந்துப்ரியா விளக்கினார். உக்கிரபாண்டி விடுதலையானான். மறுநாள் பேப்பரில், நவீன விஞ்ஞானத்தின் துணையோடு உண்மையைக் கண்டறிந்ததாக இன்ஸ்பெக்டர் பேட்டி கொடுத்திருந்தார். வேகமாக வளரும் ஜாதியாகத்தான் இருக்கும் என்று தனக்கு முதலிலேயே ஒரு சந்தேகம் இருந்ததாக நிபுணரும் சொல்லியிருந்தார். சோணைக்கு மெமோ வந்தது.

உக்கிரபாண்டி அவரைத் தேடிப் போய்க் காலைத் தொடக் குனிந்தான். சோணை பின்னால் நகர்ந்துகொண்டார்.

"என்னால உங்களுக்கு இம்புட்டுக் கஷ்டம், ஏட்டய்யா."

"அட விடு மாப்ள. கூண்டுல நீ நின்ன நெலையப் பாத்துட்டு, ஞாபகமில்லன்னு எப்படிச் சொல்றது?"

இந்துப்ரியாவிடமும் போனான். என்ன செய்யட்டும் தாயி என்று கேட்டு நின்றவனிடம், உங்கள் பேரையூர்க் காட்டில் என்னென்ன ஈ இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது, பிடித்து அனுப்ப முடியுமா என்றார்.

இப்போது அவன் தன் பருத்திக்காட்டு வேப்பமரத்தில் ஆட்டு ஈரலைக் கட்டித் தொங்கவிடுகிறான். கொழம்புக்கு ஆகிற ஈரலை ஈக்குப் போடுகிறானே என்று பொண்டாட்டி இருளாயி வரப்பில் நின்று ஏசுகிறாள்.

"திங்கட்டும் புள்ள," என்கிறான் அவன். "நல்லாத் திங்கட்டும்."