நான்காவது ஆள்

பேச்சுவார்த்தை நடந்த அறைக்கு வெளியே, காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று கிரீஷ் திடீரென்று தமிழில் பேசியபோது, வசந்தாமணிக்கு ஒரு கணம் அது யார் குரல் என்றே பிடிபடவில்லை. காலையிலிருந்து மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து, தீயணைப்பு வீரர்கள் சங்கத்தின் சார்பில் அவன் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். அங்கே அவள் மிஸஸ் கந்தசாமி. நகர நிர்வாகத்தின் சார்பில் ஊழியர் சங்கங்களோடு ஒப்பந்தம் பேசி முடிப்பது அவள் வேலை. இங்கே, காகிதக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சர்க்கரை தேடும்போது, மறுபடியும் ஆன்ட்டி.

"ஆன்ட்டி, ஆஃப் த ரெக்கார்ட். ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லு கண்ணு."

அவன் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தான். "ரிட்டையர் ஆனவங்க மெடிக்கல் இன்ஷூரன்ஸ்ல மட்டும் கை வெச்சிடாதீங்க. ப்ளீஸ். எங்க ஹெக்டருக்கு லங் கேன்சர். ஸ்ப்ரிங்ல ரிட்டையர் ஆறார். அது போச்சுன்னா அவருக்கு ஒண்ணும் இல்ல. எங்க ஆளுங்க அதுக்காக எத வேணாலும் குடுத்துடுவாங்க."

"சரி கண்ணு" என்றாள். அப்போது அவள் அதை உண்மையாகத்தான் சொன்னாள்.

லிவர்மோர் நகரத்தில் கிரீஷின் வீடு அவர்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. கல்லூரி முடித்து, கைக்கு வந்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுத் தீயணைப்புப் பயிற்சியில் சேரப்போகிறேன் என்று அவன் நின்றபோது, அவன் அம்மா மீனாக்ஷி இவள் சமையலறையில் வந்து உட்கார்ந்து அழுதாள். கோயிலில் யாராவது கேட்டால் என்ன சொல்வது, பெண் எப்படிப் பார்ப்பது என்று புலம்பினாள். நீ சொன்னால் கேட்பான், பேசு என்றாள். வசந்தாமணி பேசினாள். ஆனால் அவன் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, அவன் பக்கம் சாய்ந்துவிட்டாள். அவன் போகட்டும் என்று மீனாக்ஷியிடம் போய்ச் சொன்னதும் அவள்தான். அதை அவன் மறந்ததில்லை. இப்போது கேப்டன் ஆகி, கல்யாணமாகி, காதோரம் இரண்டு நரையும் வந்துவிட்டது. ஆனாலும் அவளிடம் பேசும்போது அவன் தமிழ் அந்த வயதிலேயே நின்றிருந்தது.

மலைமேல் இருக்கும் தீயணைப்பு நிலையத்தின் வண்டியில் இதுவரை நான்கு பேர் போனார்கள். அதை மூன்றாக்க வேண்டும் என்பது நகர மன்றம் அவளிடம் கொடுத்தனுப்பிய வேலை. வேறெந்தக் கோரிக்கையிலும் சங்கம் கொஞ்சம் வளைந்து கொடுத்தது. இதில் மட்டும் அசையவில்லை. காரணத்தைக் கிரீஷ் மேசையில் பொறுமையாக விளக்கியிருந்தான். எரியும் வீட்டுக்குள் இரண்டு பேர் போனால், வெளியே இரண்டு பேர் தயாராக நிற்க வேண்டும். அதுதான் சட்டம். நான்கு பேர் போனால் இறங்கியதுமே உள்ளே நுழையலாம். மூன்று பேர் என்றால், உள்ளே ஆள் இருப்பது நிச்சயமாகத் தெரிந்தாலொழிய, அடுத்த வண்டி வரும்வரை வாசலில் நிற்க வேண்டியதுதான். மலைக்கு அடுத்த வண்டி கீழே ஊருக்குள்ளிருந்து வளைந்து வளைந்து ஏறி வர வேண்டும். சொல்லி முடித்து அவன் மேசைமேல் கைகளை விரித்து வைத்தான். நகரத்தின் நிதி இயக்குநர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளை முடியும் முன் நிர்வாகத் தரப்பு தனியே கூடியது. அவர்கள் இறங்கி வரமாட்டார்கள், நம்மிடம் பேரம் பேச எதுவும் மிச்சமில்லை, மன்றத்துக்கு வெறுங்கையோடுதான் போக வேண்டும் என்றார் நிதி இயக்குநர். ஓய்வு பெற்றவர்களின் மருத்துவக் காப்பீட்டைத் தொடுவதாக யாருக்கும் உத்தேசமே இல்லை. அது யார் நினைப்பிலும் இல்லை. தன் குரல் தன்னை முந்திக்கொண்டு போவதை வசந்தாமணி கேட்டாள். "ஓய்வு பெற்றவர்களின் மருத்துவக் காப்பீட்டைக் குறைக்கிறோம் என்று ஒரு திட்டத்தை வைப்போம். பிறகு, அவர்கள் நான்காவது ஆளை விட்டுக்கொடுத்தால் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்." இயக்குநர் ஜன்னலை விட்டுத் திரும்பி, அவளை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

மேசையில் அந்தத் தாள் கைமாறியபோது சங்கத்தின் வழக்கறிஞர் சத்தம் போட்டார். சங்கக் குழுவில் ஹெக்டரும் இருந்தார்; அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கிரீஷ் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். தாளைப் படித்தான், நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கோபமாக இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். ஒரு கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறவன் முகமாக இருந்தது அது. எந்த இடத்தில் தவறினோம் என்று தேடி, கண்டுபிடித்ததும், பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

அன்றைக்குச் சாப்பிட்டு முடித்துப் பாத்திரங்களை எடுத்துவைக்கும்போது கணவனிடம் கேட்டாள். "ஏனுங்க, ஒருத்தன் நம்பிச் சொன்னத வெச்சே அவன மடக்குனா, அது தப்புங்களா?"

கந்தசாமி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆபீஸ் வெசயமா?"

"ஆமாங்க."

"அப்ப உன்ற வேலையத்தான பண்ணுன? இதுக்கெல்லாம் போயி ரோசன பண்ணீட்டு."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. யாரிடம், என்ன என்று அவர் கேட்கவும் இல்லை. அவள் சொல்லவும் இல்லை.

சங்கம் வாக்கெடுப்பு நடத்தி, நான்காவது ஆளை விட்டுக்கொடுத்து, காப்பீட்டைக் காப்பாற்றிக்கொண்டது. கையெழுத்துப் போட வந்த அன்று கிரீஷ் பேனாவை மூடிவிட்டு ஆங்கிலத்தில் ஒன்று சொன்னான். அது அவளுக்காகச் சொன்னதா, பொதுவாகச் சொன்னதா என்று தெரியவில்லை. "ஹெக்டர் இதை எதிர்த்து ஓட்டுப் போட்டார். என்னைக் காரணம் காட்டி வண்டியிலிருந்து ஒருவரை இறக்கிவிடாதீர்கள் என்றார். நாங்கள் கேட்கவில்லை." மன்றத்தில் அவளைப் பாராட்டிப் பேசினார்கள். ஒருவர் பூச்செண்டுகூடக் கொடுத்தார். அதன் பிறகு கோயிலில் மீனாக்ஷி எப்போதும்போல வந்து கையைப் பிடித்துப் பேசினாள். கிரீஷ் வீட்டில் எதுவும் சொல்லவில்லை என்பது அதிலிருந்து தெரிந்தது. அது வசந்தாமணிக்கு ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததே உறுத்தலாகவும் இருந்தது.

அக்டோபரில் காற்று எழுந்த ஒரு பிற்பகல், மலையில் ஒரு வீடு பற்றிக்கொண்டது. கிரீஷின் வண்டிதான் முதலில் போனது. மூன்று பேர். சமையலறைப் பக்கம் ஜன்னலை உடைத்துக்கொண்டு தீ வெளியே வந்திருந்தது. வாசல் பக்கம் புகை மட்டும். கார் நிற்கும் இடம் காலியாக இருந்தது. அங்கே தனியாக இருக்கும் பெரியவர் ஊரில் இல்லை, மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரி உறுதியாகச் சொன்னாள். எனவே அவர்கள் வெளியே நின்று தண்ணீர் அடித்தார்கள். கீழேயிருந்து இரண்டாவது வண்டி வந்ததும் உள்ளே போனார்கள். பெரியவர் முன்கதவுக்கு உள்ளே, கால்மிதியின்மேல் குப்புறக் கிடந்தார். அவருடைய காரை மகன்தான் எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

அந்தச் சாவு பற்றிய விசாரணையில் நகரத்தின் சார்பில் வசந்தாமணி உட்கார வேண்டியிருந்தது. அதுவும் அவள் வேலையில் சேர்ந்தது. கிரீஷ் சங்க வழக்கறிஞரோடு வந்தான். முகம் மழித்து, சீருடை மடிப்புக் கலையாமல் இருந்தான். கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பதில் சொன்னான். காத்திருந்தபோது உள்ளேயிருந்து ஏதாவது சத்தம் கேட்டதா என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"யாரோ இருமுவது கேட்டது" என்றான்.

அறையில் யாரும் எழுதவில்லை.

"என் பின்னால் நின்ற எங்கள் ஆள் என்று நினைத்தேன். திரும்பி, மாஸ்க்கைப் போடு என்று அவனிடம் சத்தம் போட்டேன். அவன் மாஸ்க் போட்டுக்கொண்டுதான் நின்றிருந்தான். அதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை." தண்ணீர் குடித்தான். "பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. நிறைய சத்தம்."

நான்கு பேர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று வழக்கறிஞர் கேட்டார். அந்தக் கேள்வி தேவையில்லை என்று மறுப்பது வசந்தாமணியின் பொறுப்பு. அவள் மறுத்தாள். குரல் தெளிவாகத்தான் வந்தது. மறுப்பு ஏற்கப்பட்டது.

முடிந்து அவன் வெளியே வந்தபோது பின்னாலேயே போனாள். நடைவழியில் யாரும் இல்லை. "கிரீஷ்" என்றாள். "கண்ணு, ஒரு நிமிஷம். நான் அன்னிக்கு..." அதற்குமேல் வாக்கியம் வரவில்லை. ஊரில் இருந்தபோதும் சரி, இங்கே வந்த பிறகும் சரி, யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத நாக்கு அவளுடையது.

அவன் நின்றான். சீருடைத் தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

"டூ யூ நீட் எனிதிங் எல்ஸ் ஃப்ரம் மீ, மிஸஸ் கந்தசாமி?"

அவன் பணிவாகத்தான் கேட்டான். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

விதிப்படி எல்லாம் சரியாக நடந்திருக்கிறது, யார்மேலும் தவறில்லை என்று அறிக்கை வந்தது. அந்தச் சனிக்கிழமை, கோயிலுக்குப் போகிறேன் என்று கந்தசாமியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியவள், கோயில் திருப்பத்தைத் தாண்டி மலைப் பாதையில் காரை விட்டாள். அந்த மலைக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று மேசையில் எத்தனையோ முறை பேசியிருக்கிறாள், ஏறியது அன்றைக்குத்தான். பாதை நெடுக வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது.

எரிந்த வீட்டைச் சுற்றிக் கம்பி வலை அடித்திருந்தார்கள். கூரை உள்ளே விழுந்திருந்தது. கதவில்லாத வாசல் வழியே பின்பக்கத்து வானம் தெரிந்தது. அவள் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்னால் இருந்த புல்வெளி அன்றைக்குக் குழாய்த் தண்ணீரில் சேறாகி, பிறகு வெயிலில் ஓடுபோல இறுகியிருந்தது. அதில் பூட்ஸ் தடங்கள் அப்படியே பதிந்து கிடந்தன. பெரும்பாலானவை ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குழம்பி, பிறகு மொத்தமாக வாசலுக்குள் போயிருந்தன. ஒரு ஜோடி மட்டும் அந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து, ஓரமாகத் தனியே வாசற்படிவரை போயிருந்தது. படிக்குக் கீழே குதிகால் ஆழமாக அழுந்தி, திரும்பி வந்திருந்தது. பிறகு மறுபடியும் போயிருந்தது. மறுபடியும் திரும்பியிருந்தது.