கையைக் காட்டு

இடுப்பு விட்டுப்போயிருந்தது. சலவைக்கூடத்தில் ஈரப் போர்வை மூட்டைகளைத் தூக்கித் தூக்கித் தேய்ந்த இடுப்பு. அம்மாவைப் புரட்டும்போது பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். சாப்பாடு இறங்காமல் குச்சியாகிப்போன உடம்பு எப்படி இவ்வளவு கனக்கிறது?

"அந்தப் பக்கம் பிடி பாப்பா. தலை தொங்குது பாரு."

சின்னவள் பிடித்தாள். காலையில் உயிர் போயிருந்தது. வண்டி வருவதற்குள் உடம்பைத் துடைத்துத் துணி மாற்ற வேண்டும் என்று கதவைத் தாழிட்டிருந்தார்கள். வெளியே மழை. பகலிலேயே அறை இருட்டிவிட்டது.

அம்மாவின் இடது கையைத் துடைத்துக்கொண்டு வந்த பெரியவள் சுண்டுவிரலில் நின்றாள். உடைந்து, கோணலாகக் கூடி, வெளிப்பக்கம் மடங்கிய விரல்.

"கதை விரல்," என்று சின்னவள் மூக்கை உறிஞ்சியபடி சிரித்தாள்.

அம்மாவுக்கும் அதே சலவைக்கூடத்தில்தான் வேலை. இரவு ஷிப்ட் போகுமுன் பிள்ளைகளுக்கு ஓநாய்க் கதை சொல்லுவாள். அம்மா ஆடு வேலைக்குப் போனதும் ஓநாய் வந்து கதவைத் தட்டும். மாவு பூசிய வெள்ளைக் கையைக் கதவுக்கடியில் நீட்டும். மற்ற வீட்டுக் கதைகளில் குட்டிகள் ஏமாந்து திறந்துவிடும். அம்மாவின் கதையில் திறக்காது. அம்மா ஆட்டுக்குச் சுண்டுவிரல் கோணல். அது ஓநாய்க்கு வராது. ஆட்டுக்கு ஏது விரல் என்று இரண்டு பேரும் கேட்டதில்லை. விடிந்ததும் அம்மா வேலை முடிந்து வந்து கதவுக்கடியில் அந்த விரலை நீட்டுவாள். பார்த்த பிறகுதான் தாழ் விலகும்.

சின்னவள் இப்போது ஒரு பதிப்பகத்தில் சிறுவர்களுக்காகப் பழைய கதைகளைத் திருத்தி எழுதுகிறாள். அந்த ஓநாயையும் விட்டுவைக்கவில்லை.

"என் புத்தகத்துல ஓநாய் அழுதுடும்க்கா. குட்டிங்க பாவம் பார்த்து, உள்ள கூப்பிட்டு சூப் குடுக்கும்."

"ஆட்டுக்கால் சூப்பா?"

"போக்கா. காய்கறி சூப்."

"குடிச்சுட்டு பாத்திரமும் கழுவி வெச்சுதாமா?"

"கிண்டல் பண்ணாத. பசங்களுக்கு பயம் காட்டக் கூடாதுன்னு ஆபீஸ்ல கறாரா சொல்லிட்டாங்க. அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். எழுந்து போய் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துட்டு வந்து படுத்துக்கிட்டாங்க."

பெரியவள் துணியைப் பிழிந்து வைத்தாள். இருவருமாக அம்மாவுக்குப் புடவையைச் சுற்றி முடித்தார்கள்.

கதவு தட்டப்பட்டது. அவசரமில்லாத தட்டு.

"வண்டிக்காரர்," என்று சின்னவள் எழுந்தாள்.

"இரு. வண்டிச் சத்தம் கேட்டுச்சா உனக்கு?"

மழைச் சத்தம்தான் கேட்டது. அதற்குள் ஒரு இருமல்.

"யாரு?" என்றாள் பெரியவள்.

"நான்தாம்மா. சேதி கேள்விப்பட்டேன். ஒரு தடவை மொகத்தைப் பார்த்துட்டுப் போயிடறேன்."

"தெரிஞ்சவர் போல. பாவம்க்கா, நனைஞ்சுட்டு நிக்கறார். துணிதான் மாத்தியாச்சே, திறக்கறேன்."

"கையைக் காட்டு."

சொன்ன பிறகுதான் சொன்னது தானென்று பெரியவளுக்கே தெரிந்தது. சின்னவள் பாதி வழியில் நின்று அவளையே பார்த்தாள். வெளியே இருமல் நின்றது. முழங்கால்கள் மடங்கித் தரையில் ஊன்றும் ஓசை. கதவுக்கடியில் விரல்கள் நுழைந்தன.

கிழட்டு விரல்கள். நகக்கண்களிலும் வெடிப்புகளிலும் மாவு, மழைத்தண்ணீரில் குழைந்து பசையாகியிருந்தது. மாவு மில்லில் ஆயுசெல்லாம் மூட்டை தூக்கிய கை.

அப்பாவின் கை. இந்தக் கதவை அம்மாவின் விரல்மேல் அறைந்து சாத்திய கை. அன்றைக்குப் பெரியவள் மேசைக்கடியில் ஒளிந்திருந்தாள். சின்னவள் அம்மாவின் வயிற்றில் இருந்தாள். அதற்குப் பிறகும் சில இரவுகளில் அது கதவுக்கடியில் வந்து மிட்டாய் தருகிறேன் என்றது. தொட்டிலில் சின்னவள் தூங்கிக்கொண்டிருப்பாள். பெரியவள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பாள். அப்பா செத்துப்போய்விட்டார் என்று சின்னவளிடம் அம்மா சொல்லி வளர்த்தாள். பெரியவளிடம் அதைப் பற்றி எதுவும் பேசியதில்லை. கதை மட்டும்தான்.

"மூடிக் கட்டியாச்சு," என்றாள் பெரியவள். "போயிடுங்க."

அம்மாவின் முகம் திறந்துதான் இருந்தது.

விரல்கள் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தன. பிறகு ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. தரையில் வெள்ளைத் தடம். பெரியவள் மண்டியிட்டு அதைத் துடைத்தாள். பசை இழுபட்டுப் பரவியதே தவிரப் போகவில்லை.

"யாருக்கா அது?"

"வண்டி வரட்டும். அப்புறம் சொல்றேன்."

"அம்மாவும் இப்படித்தான். கடைசியில ஓநாய் எங்க போச்சுன்னு கேட்டா, நாளைக்கு சொல்றேன்னு கிளம்பிடுவாங்க."

தெருவில் வண்டி வந்து நின்றது. யாரோ கதவைத் தட்டினார்கள். சின்னவள் தாழில் கைவைத்தவள், அதை விலக்காமல் குனிந்து கதவுக்கடியில் பார்த்தாள். பெரியவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். ஓநாய் யாரென்று தங்கையிடம் சொல்ல வேண்டிய கடன், அம்மா வைத்துவிட்டுப் போனபடியே பாக்கி இருந்தது.