நேற்றுக்குத் திரும்பும் வழி

1

இந்தக் கதையை ஓர் இணைய மன்றத்திலிருந்து எடுத்தேன். லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே உதவிசெய்துகொள்ளும் இடம் அது. நான் போனது என் பிரிண்டர் விஷயமாக. (பிரிண்டரைப் பற்றிக் கதை எழுத மாட்டேன். எனக்கும் மானம் இருக்கிறது.)

அங்கே ஒருவர் கேட்டிருந்தார்: கிராபிக்ஸ் டிரைவரை (படம் காட்டும் கார்டை இயக்கும் மென்பொருள்) மாற்றினேன், இப்போது கடவுச்சொல் கேட்கும் திரையிலேயே கணினி உறைந்து நிற்கிறது, என்ன செய்யலாம்? கார்டின் வகை, பதிப்பு எண், பிழைச் செய்தி எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொடுத்திருந்தார். கடைசியில் ஒரு வரி: "மனைவிக்கு இன்று முக்கியமான நேர்காணல் இருக்கிறது."

அதற்குக் கீழே முதல் பதில்: "தொடர்பில்லாத விவரங்களைத் தவிர்க்கவும்."

தொடர்பில்லாத அந்த விவரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "கணினி ஒரு வீடு என்றால் கடவுச்சொல் திரை அதன் வாசல். அந்த வாசலில் அவள்—"

வேண்டாம். கணினி வீடல்ல. மனமும் அல்ல, திருமணமும் அல்ல. உறைந்த திரையைப் பார்த்ததும் உறைந்த உறவு என்று எழுதத் துடிக்கிற கையை முதலில் கட்டிப்போட வேண்டும்.

இரண்டாவது: "காலை வெயில் சன்னல் வழியே—"

வெயில் எல்லாக் கதைகளிலும் சன்னல் வழியேதான் வருகிறது. ஒரு முறையாவது கதவைத் தட்டிவிட்டு வரட்டும்.

மூன்றாவது: அவள் கடவுச்சொல்லை அடித்து எண்டரைத் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை.

இது போதும்.

3

அவள் படத்தொகுப்பாளர். இதுவரை தொகுத்தவை கல்யாண வீடியோக்கள், பள்ளி ஆண்டு விழாக்கள், ஒரு மெத்தைக் கடை விளம்பரம். ஆவணப்படங்கள் மட்டுமே செய்கிற ஒரு ஸ்டுடியோ வேறு ஊரில் இருக்கிறது. அங்கே ஆள் எடுக்கிறார்கள். பதினொரு மணிக்கு வீடியோவில் நேர்காணல். அவர்கள் அனுப்பிய காட்சிகளை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் தன் கணினியில் வெட்டி ஒட்டிக் காட்ட வேண்டும்.*

(* கைப்பேசியில் பேசிவிடலாமே என்று யாரும் எனக்கு எழுத வேண்டாம். காட்சிகளும் மென்பொருளும் அந்தக் கணினியில்தான் இருக்கின்றன. நானும் யோசித்தேன்.)

அவள் கணவன் ஒரு நிறுவனத்தின் சர்வர்களைப் பராமரிப்பவன். முந்தின நாள் மாலை அவளுடைய மேசையில் போய் உட்கார்ந்தான்.

"நாளைக்கு வீடியோ திக்கக் கூடாது. புது டிரைவர் போட்டுடறேன்."

"ஓடுறத எதுக்குங்க தொடறீங்க?"

"ஓடுது. ஆனா சரியா ஓடல."

இப்போது காலை. மவுஸ் அம்பு திரையின் நடுவில் குத்திவைத்தது போல நின்றது.

"ஏங்க!"

சமையலறையிலிருந்து பதில் வந்தது: "கேப்ஸ் லாக் பாரு."

"பாத்தாச்சு."

"பாஸ்வேர்டு சரியாப் போட்டியா?"

"என் பாஸ்வேர்டு எனக்குத் தெரியாதா? வந்து பாருங்க."

வந்தான். பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. (இந்த வாக்கியத்தை அழித்தேன். பிறகு திரும்ப எழுதினேன். மலர்ந்ததை நான் என்ன செய்ய முடியும்?) மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினான். படம் போய்க் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்துகளும் வந்தன.

"பாத்தியா? சாகல. உள்ள நல்லாத்தான் ஓடிக்கிட்டிருக்கு. படம் காட்டற பகுதி மட்டும்தான் மாட்டிக்கிச்சு."

"எனக்குப் படம்தாங்க வேணும்."

"அதான் பாத்துக்கிட்டிருக்கேன்ல?"

நாற்காலியை அவள் விட்டுக்கொடுத்தாள். இந்தக் காலையில் அவள் செய்த தவறு அது ஒன்றுதான்.

4

இந்தக் கணவன்மேல் எனக்குச் சந்தேகம்.

வேறு ஊருக்குப் போவதைப் பற்றி அவள் கேட்டபோது, "மொதல்ல கெடைக்கட்டும், பாக்கலாம்" என்றான். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். பிறகு அந்தப் பேச்சையே அவன் எடுக்கவில்லை. நேர்காணலுக்கு முந்தின நாள் டிரைவரை மாற்றுகிறான். வாசகருக்குச் சந்தேகம் வராதா? எனக்கே வந்தது.

அவன் வேண்டுமென்றே செய்தான் என்று ஒரு வரைவு எழுதினேன். வேலை சுலபமாக முடிந்தது. வில்லன் கிடைத்துவிட்டால் எழுத்தாளருக்கு அரை நாள் மிச்சம். ஆனால் அந்த வரைவில் அவன் அவனாக இல்லை. திட்டம் போட்டுக் கெடுப்பவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருக்கும். இவனுக்கு ஒரு பல்பை மாற்றினால்கூட ஸ்விட்சைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

அன்பினால் செய்தான் என்று இன்னொரு வரைவு. அவள் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று. படித்துப் பார்த்தேன். மெத்தைக் கடை விளம்பரம் இதைவிட நன்றாக இருக்கும்.

மூன்றாவதாக

[இங்கே ஒரு பத்தி இருந்தது. "ஆண்கள்" என்று தொடங்கியது. எடுத்துவிட்டேன்.]

5

டிரைவரைக் கழற்றினான். கணினியை மறுபடி இயக்கினான். உறைந்தது.

வேறு டிரைவர் போட்டான். உறைந்தது.

கணினி எழும்போதே கார்டைத் தொடாதே என்று ஓர் உத்தரவு சேர்த்தான். இந்த முறை கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு உள்ளே விட்டது.

"உள்ள போயிடுச்சு பார்!"

"எழுத்தெல்லாம் தட்டு சைஸுக்கு இருக்கு."

"அது அப்படித்தான் இருக்கும். கார்டு இல்லாம ஓடுதுல்ல?"

அவள் குனிந்து தன் மென்பொருளைத் திறந்தாள். கிராபிக்ஸ் கார்டு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு அது மூடிக்கொண்டது.

"கார்டு இல்லாம நான் எதுல வெட்டறது, கத்திரிக்கோலாலயா?"

"இது தற்காலிக ஏற்பாடு. இப்ப என்ன தெரியுது? கோளாறு கார்டுல இல்ல, டிரைவர்ல. பாதி வேலை முடிஞ்சுது."

"யாரோட வேலை?"

அவன் காதில் விழவில்லை. மன்றத்தில் கேள்வியை எழுதிக்கொண்டிருந்தான். அவளுடைய நேர்காணலைப் பற்றிய வரியைக் கடைசியில் சேர்த்தான். அப்படிப் போட்டால் பதில் சீக்கிரம் வரும் என்று நினைத்தான். பதில் சீக்கிரம்தான் வந்தது. என்ன பதில் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்து வந்தவர், இந்தக் கார்டை எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டார். அவருக்கு இவன் நீளமாகப் பதில் எழுதினான்.

அவள் பின்னால் நின்றாள். உடுத்தத் தயாராக இஸ்திரி போட்ட சட்டை ஒன்று கட்டில்மேல் கிடந்தது. நேர்காணலுக்குச் சொல்லவேண்டியதை முணுமுணுத்துப் பார்த்தாள். இரண்டாவது வாக்கியத்தில் தடுமாறினாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அறையில் இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள் என்று எழுத ஆசை. எழுத மாட்டேன். அவன் விளையாடிக்கொண்டிருந்தான்.

6

கணவனையும் மனைவியையும் மட்டும் ஓர் அறையில் விட்டுவைத்தால் கதை நகராது. இருவருக்கும் எல்லாம் தெரியும். ஒன்றையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது ஆள் வேண்டும்.

அவனுடைய தங்கை பல் மருத்துவர். கீழ்த்தளத்தில்தான் கிளினிக். ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவில், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, வாழ்த்துச் சொல்ல மாடியேறி வந்தாள்.

"என்ன அண்ணி, இன்னும் சட்டை மாத்தல? பதினொண்ணுக்குன்னு சொன்னீங்க?"

"உங்க அண்ணன் எனக்கு உதவி பண்ணிக்கிட்டிருக்கார்."

தங்கை திரையைப் பார்த்தாள். மறுபடியும் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து.

"ஐயோ பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று விளக்கவில்லை.

"இப்ப முடிஞ்சிரும்" என்றான் அவன்.

"ஏண்ணா, கிளினிக் கம்ப்யூட்டர்ல ஒண்ணு பண்ணிக் குடுத்தியே. எதையாவது மாத்தறதுக்கு முன்னாடி அதுவே ஒரு நகல் எடுத்து வெச்சுக்கும், ஏதாவது ஆச்சுன்னா நேத்து எப்படி இருந்துச்சோ அப்படியே திரும்பிடலாம்னு. அண்ணியோடதுல அது இல்லியா?"

அவன் தட்டச்சை நிறுத்தவில்லை. வேகம் மட்டும் குறைந்தது.

"ஏங்க, இருக்கா?"

"இருக்கு."

"இருக்கா?"

"இருக்கு. ஆனா அது தீர்வு இல்ல. நேத்துக்குப் போயிட்டா இப்ப எதனால நின்னுச்சுன்னே தெரியாமப் போயிடும். நாளைக்கு அப்டேட் வந்தா மறுபடி நிக்கும்."

"நாளைக்கு நிக்கட்டும். திரும்பிப் போக எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது ஒரு ரெண்டு நிமிஷம்."

மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பல் வலின்னு ஒருத்தர் வந்தா மொதல்ல ஊசி போட்டு மரத்துப்போக வைப்பேண்ணா" என்றாள் தங்கை. "ஏன் வலிக்குதுன்னு கண்டுபிடிக்கற வரைக்கும் கத்திக்கிட்டே இருங்கன்னு சொல்ல மாட்டேன். சொன்னா கடிச்சிருவாங்க."

"அது வேற, இது வேற."

"காலைலேர்ந்து உனக்கு இது தெரியும்" என்றாள் மனைவி.*

(* 'நீங்க' போய் 'நீ' வந்ததைக் கவனித்திருப்பீர்கள். அவனும் கவனித்தான்.)

"தெரியும்னு இல்ல. அந்தப் பக்கம் யோசிக்கல."

"உன் தங்கச்சிக்குச் செஞ்சு குடுத்திருக்க. எனக்கும் செஞ்சு வெச்சிருக்க. யோசிக்கலயா?"

"காரணம் கெடைக்கப் போற நேரம். அதான்…"

அவன் சொன்னது உண்மைதான் என்று நினைக்கிறேன். தங்கை ஞாபகப்படுத்தும் வரை அந்த வழி அவனுக்கு நினைவு வரவில்லை. மனைவி போய்விடக் கூடாது என்று நினைப்பவனுக்கு எதெது நினைவு வராது என்பதைப் பற்றி நான் ஒரு கட்டுரையே எழுதுவேன். ஆனால் இது கதை. நேரமும் இல்லை.

"தள்ளு" என்றாள் அவள்.

எழுந்தான். அவள் உட்கார்ந்து கணினியை அணைத்து மறுபடி இயக்கினாள்.

"எந்தக் கீயைப் புடிச்சுக்கணும்?"

"ஷிஃப்டுன்னு நெனைக்கறேன் அண்ணி."

"எஸ்கேப்" என்றான் அவன். அன்று காலை அவன் வாயிலிருந்து வந்த முதல் உபயோகமான சொல்.

பழைய நகல்களின் பட்டியல் வந்தது. நேற்றைய தேதி போட்ட வரியைத் தேர்ந்தெடுத்தாள். கடவுச்சொல் கேட்டது, அடித்தாள், திறந்தது. மென்பொருளும் காட்சிகளும் அப்படியே இருந்தன.

தங்கை, "கலக்குங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு அடுத்த பல்லைப் பார்க்க இறங்கிப் போனாள். அவன் நின்றான்.

"ஓடுது" என்றான்.

"ம்."

"ஆனா அடியில அந்தக் கோளாறு—"

"கதவைச் சாத்திட்டுப் போங்க."

'நீங்க' திரும்பி வந்துவிட்டது. நல்ல அறிகுறி என்று நினைக்கிறவர்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

7

முடிவுகள். இவற்றில் எதையும் நான் சிபாரிசு செய்யவில்லை.

அ. வேலை கிடைக்கவில்லை. அன்று மாலை அவன் மூலகாரணத்தைக் கண்டுபிடிக்கிறான். மன்றத்தில் எழுதுகிறான். எல்லோரும் பாராட்டுகிறார்கள். வீட்டில் அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தங்கையின் கிளினிக்குக்குப் போய் உட்கார்கிறான். வந்தது வந்தாய் என்று அவள் ஒரு பல்லைச் சுத்தம் செய்து அனுப்புகிறாள்.

ஆ. வேலை கிடைக்கிறது. அவன் திருந்துகிறான். "நீ போ, நான் பின்னாலேயே வரேன்" என்கிறான். இருவர் கண்ணிலும் நீர்.

(இந்த முடிவை எழுதும்போது என் கை தானாகவே வேகமாக ஓடியது. அதனால்தான் அதை நம்பவில்லை.)

இ. வேலை கிடைக்கிறது. அவள் பெட்டி கட்டுகிறாள். கணினியை எடுத்துக்கொள்வதா, புதிதாக ஒன்று வாங்குவதா என்று யோசிக்கும்போது அவன் அறைக்குள் வந்து—

எதற்கு வருகிறான்? தெரியவில்லை. இரண்டு நாளாக அவனை அந்தக் கதவிலேயே நிறுத்திவைத்திருக்கிறேன்.

8

எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்.

நேர்காணல் நன்றாகப் போயிற்று. எதிர்முனையில் ஓர் அம்மாள், ஓர் இளைஞர். ஆற்றங்கரையில் சலவை செய்கிறவர்களின் காட்சியைக் கொடுத்து வெட்டச் சொன்னார்கள். யாரும் எதிர்பார்க்காத இடத்தில் அவள் ஒலியை நிறுத்தினாள். துணி கல்லில் விழுந்தது, சத்தம் வரவில்லை. அந்த அம்மாள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இங்க ஏன் நிறுத்தினீங்க?"

"இதுவரைக்கும் சத்தத்தைத்தான் கேட்டோம். இப்பதான் கையைப் பாக்கறோம்."

அந்த அம்மாள் இளைஞரைப் பார்த்தார். இளைஞர் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு அந்த அம்மாள் கேட்டார்: "எப்ப வந்து சேர முடியும்?"

எல்லாக் கேள்விகளுக்கும் பதில் தயாரித்திருந்தாள், இதற்குத் தவிர. இந்தக் கேள்விக்கு அவளிடம் இருந்தது அவன் சொன்ன ஒரே சொல்: பாக்கலாம். அது அவன் பதில். தன் பதில் என்ன என்று அவள் இன்றுவரை தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண்கூட இமைக்கவில்லை.

"ஹலோ?" என்றார் அந்த அம்மாள். "உங்க படம் அப்படியே நின்னுடுச்சுன்னு நெனைக்கறேன். கேக்குதா?"

கதவுக்கு வெளியே அவன் நின்றுகொண்டிருந்தான். அது அவன் காதில் விழுந்தது. அவனுக்கு என்ன தோன்றியிருக்கும்? டிரைவர் என்றுதான். கை கைப்பிடிக்குப் போய்விட்டது.

அவன் உள்ளே வருவதற்குள் அவள் வாயைத் திறக்க வேண்டும். இனி என்னால் ஆவது ஒன்றுமில்லை. பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்: அடுத்த மாதம், உடனே, முடியாது, எதுவானாலும் சரி. எழுதுவதற்கு முன் அந்தக் கதவை மட்டும் சற்று நேரம் பிடித்துக்கொள்ளுங்கள்.

படம் நிற்கவில்லை. அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.