அத்தான் இல்லாமல் வந்த வண்டி

முப்பது வருடம் சரக்கு ரயில் ஓட்டியும் தன் மேல் ஒரு புகார் கிடையாது என்பது அத்தானின் பெருமை. அதற்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. புது என்ஜினுக்கு மூன்று நாள் பயிற்சி தந்தார்கள். போய்த் தூங்கிவிட்டு வந்தார். கையேட்டை அக்காவிடம் நீட்டி, "அரிசி டின் ஆடுதே, அடியில வை" என்றார்.

யார்டில் தண்டவாளத்தை மாற்றிவிடுவது என் வேலை. அன்று காலை டீ குடிக்கப் போயிருந்தேன், ஐந்தே நிமிடம். வண்டியோடு வந்து நின்ற அத்தானுக்கா பொறுமை? என்னைத் திட்டிக்கொண்டே என்ஜின் கைப்பிடியை முன்னால் தள்ளிவிட்டு, தானே மாற்ற இறங்கி ஓடினார். பழைய என்ஜினில் முன்னால் தள்ளினால் பிரேக். புதியதில் அதுதான் வேகம். ஒரு வாரமாகக் கவனமாக ஓட்டியவர், கோபத்தில் கையைப் பழைய பழக்கத்துக்கு விட்டுவிட்டார்.

மாற்றிவிட்டு நிமிர்ந்தால், இருபது பெட்டிகளும் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கின்றன.

"நில்லு! ஏய், நில்லு!" என்று ரயிலை அதட்டினார். அது மதிக்கவில்லை.

அடுத்த கேட்டில் அக்காதான் கேட் கீப்பர். டீக்கடையிலிருந்து ஓடிவந்த நான் அவளுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, வண்டி வருது. அத்தான் வரல."

"அப்ப யாரு ஓட்டுறா?"

"யாருமே ஓட்டல!"

கேட் வரை ஏற்றம். அப்புறம் ஒரே இறக்கம், அதன் முடிவில் நிலையத்தில் ஆட்களோடு நிற்கும் பயணிகள் ரயில். நானும் அத்தானும் தலைதெறிக்க ஓடினோம்.

கேட்டருகே வண்டி நின்றிருந்தது. ஏற்றத்தில் அது மெதுவாக வந்தபோது அக்கா ஓடித் தொற்றி ஏறி, பிரேக் போட்டிருக்கிறாள்.

"சத்தியமா பிரேக் போட்டுட்டுதான்டி எறங்கினேன்!" என்றார் அத்தான், மூச்சு வாங்க.

"இதுல பின்னால இழுத்தாத்தான் பிரேக்குன்னு கையேட்டுல பதினாறாம் பக்கத்துல படத்தோட போட்டிருக்கு. கேட்டுல பொழுது போகாம ரெண்டு தடவ படிச்சிட்டேன்."

"அப்ப அரிசி டின்?"

"உங்க பாராட்டுப் பத்திரத்த வச்சேன். சட்டத்தோட சரியா இருந்துச்சு."

மேலதிகாரி வந்து, யார் நிறுத்தியது என்று கேட்டார். அத்தானின் வேலையே அந்தப் பதிலில் தொங்கியது. "நீங்க ஓடிப்போய் ஏறினதா சொல்லிடுங்க" என்று காதோரம் சொன்னேன். அத்தான் அக்காவின் கைகளைப் பார்த்தார். கம்பியைப் பிடித்துத் தொற்றியதில் அவை சிராய்த்திருந்தன.

"ஓடவிட்டது நான் சார். நிறுத்தினது என் பொண்டாட்டி."



வேலை போகவில்லை, ஆறு மாதம் வண்டியைத் தொடக் கூடாது என்றார்கள். டீ குடிக்கப் போனதற்கு விளக்கம் கேட்டு எனக்கும் தனியாக ஓலை வந்தது. இப்போது அத்தான் கேட்டில் உட்கார்ந்து கையேடு படிக்கிறார், அக்கா கேள்வி கேட்கிறாள். பத்திரம் இன்னும் அரிசி டின்னுக்கு அடியில்தான் கிடக்கிறது. எடுத்து மாட்டச் சொல்லி அவர் ஒரு நாளும் கேட்கவில்லை.