ஃபோல்டருக்கு வெளியே

குடியிருப்போர் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், வரலாற்றுச் சிறப்புமிக்க சங்கத் தலைவர் தேர்தல் ஞாயிறு மாலை வண்டி நிறுத்துமிடத்தில் நடைபெறும். முன்னதாக இன்னிசை ஒலிக்கும்.

இன்னிசை உபயம்: வேட்பாளர். இப்போதைய செயலாளர், ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர், முதுகுக்குப் பின்னால் ஃபோல்டர் சார். கரண்ட் பில்லிலிருந்து கல்யாணப் போட்டோ வரை அவர் வீட்டில் எதுவும் ஃபோல்டருக்கு வெளியே கிடக்காது. கூட்டத்தில் யாரும் யார் பெயரையும் முன்மொழியலாம் என்றாலும், அந்த வம்புக்கு இதுவரை ஒருவரும் போனதில்லை. ஆகவே பதவி உறுதி. கைதட்டல்தான் உறுதியில்லை, அதற்காகத்தான் பாட்டு.

சிடி பிளேயரைக் கொண்டுவந்தது அவர் மனைவியின் தம்பி.

"பென் டிரைவ்ல போட்டா ஆகாதா அத்தான்?"

"டிஸ்குன்னா ஒரு கௌரவம் இருக்குப்பா. எம்பி3-ல நூத்தியிருபது பாட்டு. வரவேற்பு, எழுச்சி, வெற்றின்னு மூணு ஃபோல்டர்."

"இது பழைய பெட்டி. ஃபோல்டருக்கு வெளியில ஏதாவது கிடந்தா அதைத்தான் முதல்ல பாடும்."

"என் டிஸ்க்ல அப்படி எதுவும் கிடக்காது."

ஒன்று கிடந்தது. தலைமையுரையை வீட்டில் பேசிப் பார்த்து, தானே கேட்டு ரசிக்கப் பதிவு செய்திருந்தார். 'பேச்சு' என்ற ஃபோல்டர் அதன் தரத்துக்குக் குறைவாகப் பட்டது. தகுந்த பெயர் தோன்றும்வரை வெளியே வைத்தவர், டிஸ்கில் ஏற்றும்போது எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றிவிட்டார்.

ஞாயிறு மாலை மைத்துனன் பொத்தானை அழுத்தினான். டிஸ்க் கரகரவென்று சுழன்றது. திரையில் 1 வந்தது.

"என் பேரன்புக்குரிய மக்களே," என்றது ஸ்பீக்கர், ஃபோல்டர் சாரின் குரலில். அடுத்து அவர் மனைவியின் குரல்.

"மக்களாங்க? இருக்கறதே பதினாறு வீடு."

"குறுக்க பேசாதே. தொலைநோக்குத் திட்டம் இப்பதான் ஆரம்பிக்குது."

"அது கிடக்கட்டும். லிஃப்ட் எப்ப ஓடும்? மெக்கானிக் அதோட கதவைத் திறக்கச் சாவி கேட்டு எத்தனை தடவை போன் பண்ணிட்டான். கமிட்டி கூடட்டும்னு சொல்லி அதுக்கு ஒரு ஃபோல்டர் திறந்தீங்க. சாவி என்னவோ உங்க மேசையிலதான் தூங்குது."

ஃபோல்டர் சார் எழுந்தார். "நிறுத்துப்பா அதை."

"இருக்கட்டும் சார்," என்றாள் நான்காம் மாடி நர்ஸ். ட்யூட்டி முடிந்து தினமும் படியேறுபவள். "அக்கா பேசட்டும்."

கடைசி வரிசையில் அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார், வெட்கத்தால் அல்ல. பதிவு முடிந்து வரவேற்பு ஃபோல்டர் தொடங்கியபோது, சிரிப்பில் அதைக் கேட்க ஆளில்லை.

"தலைவர் பதவிக்கு அக்கா பேரை நான் முன்மொழியறேன்," என்றாள் நர்ஸ்.

"எனக்கெதுக்கும்மா அதெல்லாம்?" என்றவர் கணவரைப் பார்த்தார். "சாவியைக் கொடுக்கறீங்களா, இல்ல நான் நிக்கட்டுமா?"

ஃபோல்டர் சார் தொண்டையைச் செருமினார். "சாவி விஷயம் கமிட்டி பரிசீலனையில இருக்கு."

"அப்ப நிக்கறேன்."

அக்காவுக்காகக் கைகள் உயர்ந்தன. முறைப்படி எண்ணி அறிவித்தவர் ஃபோல்டர் சாரே. கைதட்டல் பலமாக இருந்தது. மைத்துனன் ஸ்பீக்கரில் எழுச்சி ஃபோல்டருக்கு மாற்றியிருந்தான்.

லிஃப்ட் கதவில் ஒரு ஒயர் அறுந்திருந்தது. திங்கட்கிழமை மாற்றிவிட்டார்கள்.